கம்ப்யூட்டர் விழுந்து விழுந்து எழுகிறதா? யாங்கோன் வீட்டில் ரேமைச் சோதிக்கும் முறை

பாகம் பாகமாக வாங்கி, யூடியூப் பார்த்து நீங்களே பூட்டிய கம்ப்யூட்டர். முதல் வாரம் ஒழுங்காக ஓடியது. அப்புறம் விளையாட்டின் நடுவே நீலத்திரை. இன்னொரு நாள் பிரவுசரில் ஒரு டேப் மட்டும் காரணமில்லாமல் மூடிக்கொண்டது. ஒரு ஜிப் கோப்பைப் பிரித்தால் ‘பழுது’ என்கிறது. அதையே மறுபடி பிரித்தால் பேசாமல் திறக்கிறது. கடையில் போய்ச் சொன்னால் ‘ரேமை மாத்திப் பாருங்க’ என்பார்கள். மாற்றிப் பார்க்கலாம்தான். ஆனால் மோல்மீனிலிருந்தோ தட்டோனிலிருந்தோ பஸ் ஏறி வந்து புது ரேம் வாங்கிப்போய், அதைப் போட்ட பிறகும் அதே நீலத்திரை வந்தால் காசும் போச்சு, நாளும் போச்சு.

நம் ஊரில் ரேமின் தலையில் விழும் பழியில் மின்சாரத்துக்கும் வெயிலுக்கும் நல்ல பங்கு உண்டு. அவை இரண்டையும் பிரித்து வைத்துவிட்டுத்தான் ரேமிடம் போக வேண்டும். இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

வேண்டியது ஒரு ஸ்க்ரூடிரைவர், ஒரு பென்டிரைவ், ஒரு நோட்டு, ஒரு பேனா. நோட்டைத்தான் பலரும் அலட்சியமாக விட்டுவிடுகிறார்கள். ‘ஸ்டிக் 1, ஏ2 ஸ்லாட், 2133, மதியம், பிழை இல்லை’ என்று, அதாவது எந்த ரேம் பட்டை, எந்த இடம், என்ன வேகம், எப்போது, என்ன முடிவு என்று ஒரு வரி எழுதினால் போதும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ரேமைக் கழற்றிப் போட்டு, அதோடு பயாஸையும் (போர்டிலேயே பதிந்திருக்கும் தொடக்க மென்பொருள்) புதுப்பித்து, கூடவே டிரைவரையும் மாற்றினால், சரியான பிறகும் எதனால் சரியானது என்று தெரியாது. திரும்ப வரும்போது மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

மின்சாரமா, மெமரியா?

கம்ப்யூட்டர் எப்படி விழுகிறது என்று கவனியுங்கள். நீலத்திரை வந்து, ஏதோ ஒரு பெயர் காட்டி, பிறகு ரீஸ்டார்ட் ஆகிறதா? அல்லது ஒரு நொடியில் திரை கறுத்து, ஃபேன் நின்று, தானே மறுபடி எழுகிறதா? இரண்டாவது வகை என்றால் முதலில் மின்சாரத்தைச் சந்தேகியுங்கள்.

விண்டோஸின் ஈவென்ட் வியூவரைத் திறந்தால், இப்படி விழுந்த நேரங்களில் ‘கெர்னல் பவர் 41’ என்ற பதிவு இருக்கும். இதைப் பார்த்தவுடன் பவர் சப்ளை போய்விட்டது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். கம்ப்யூட்டர் ஒழுங்காக அணைக்கப்படாமல் நின்றது என்பதற்கு மேல் அந்தப் பதிவு எதுவும் சொல்வதில்லை. அதன் விவரப் பகுதிக்குள் போய் ‘பக்செக் கோட்’ என்ற இடத்தைப் பாருங்கள். அங்கே பூஜ்யம் இருந்தால் விண்டோஸுக்கு எதையும் எழுதி வைக்க நேரமே கிடைக்கவில்லை. மின்சாரம் வெட்டியிருக்கலாம், அல்லது எல்லாமே உறைந்து நின்றிருக்கலாம். வேறு எண் இருந்தால் நீலத்திரை வந்து போயிருக்கிறது.

இப்போது நேரத்தை ஒப்பிடுங்கள். தெருவில் ‘மீ லாபி!’ (கரண்ட் வந்தாச்சு!) என்று குரல் எழும் நேரமும் கம்ப்யூட்டர் விழும் நேரமும் ஒத்துப்போகிறதா? ஏசி கம்ப்ரெஸர் கிளம்பும்போது, கீழ்வீட்டில் தண்ணீர் மோட்டார் போடும்போது விழுகிறதா? கரண்ட் போய் இன்வெர்ட்டருக்கு மாறும் இடைவெளியில் கம்ப்யூட்டரைத் தாங்கிப் பிடிப்பது பவர் சப்ளைக்குள் இருக்கும் மின்தேக்கிதான். முழுச் சுமையில் அது தாங்குவது ஏறக்குறைய 12 முதல் 17 மில்லிசெகண்ட். வீட்டு இன்வெர்ட்டர்கள் பலவற்றில் சாதாரண நிலை, யூபிஎஸ் நிலை என இரண்டு உண்டு. சாதாரண நிலையில் மாற எடுக்கும் நேரம் ஃபேனுக்கும் விளக்குக்கும் போதும், கம்ப்யூட்டருக்குப் போதாது. பின்பக்கம் சின்ன ஸ்விட்ச் இருந்தால் யூபிஎஸ் பக்கம் தள்ளிவிட்டு இரண்டு மூன்று நாள் பாருங்கள். இதோடு தொல்லை தீர்ந்தவர்கள் கட்டுரையை மூடிவிடலாம்.

மெமரிக் கோளாறின் அடையாளம் வேறு. ஒவ்வொரு முறையும் நீலத்திரையின் பெயர் மாறும். இன்று ‘மெமரி மேனேஜ்மென்ட்’, நாளை ‘பேஜ் ஃபால்ட் இன் நான்பேஜ்ட் ஏரியா’, அதற்கடுத்து ‘ஐஆர்க்யூஎல் நாட் லெஸ் ஆர் ஈக்வல்’. ஒரே டிரைவர் கோப்பின் பெயரோடு ஒரே பிழை திரும்பத் திரும்ப வந்தால் அது பெரும்பாலும் டிரைவர் சங்கதி. தொடர்பே இல்லாமல் தாறுமாறாக வந்தால் ரேம் பக்கம் திரும்புங்கள்.

கோப்புகளைக் காப்பாற்றுவது

கெட்ட ரேம் கம்ப்யூட்டரை விழவைப்பதோடு நிற்காது. ஹார்ட் டிஸ்க்கில் எழுதப்போகும் எதுவும் ரேம் வழியாகத்தான் போகிறது. கல்யாணப் படங்கள், கணக்குக் கோப்புகள் எல்லாம் சத்தமில்லாமல் கெட்டுப்போகலாம். உடனே காப்பி எடுக்கத் தோன்றும். ஆனால் அந்தக் காப்பியும் அதே ரேம் வழியாகத்தான் போகும். அதனால் கீழே சொல்லும் எக்ஸ்எம்பி அணைப்பைச் செய்துவிட்டு, அதற்குப் பிறகு காப்பி எடுங்கள். பழைய நல்ல காப்பி ஏற்கனவே இருந்தால் அதன் மேல் எழுதாதீர்கள். வேறு டிஸ்க்கில் புதிதாக எடுங்கள். சந்தேகம் தீரும்வரை விண்டோஸை மறுபடி இன்ஸ்டால் செய்வதும் வேண்டாம். கெட்ட ரேமில் போட்ட விண்டோஸ் பிறக்கும்போதே குறையோடு பிறக்கும்.

முதல் வேலை பயாஸில்

ரேம் பெட்டியில் 3600 என்றோ 6000 என்றோ பெரிதாகப் போட்டிருப்பார்கள். அந்த வேகம் தானாக வருவதில்லை. எந்த போர்டிலும் ஓடும் பொது வேகம் ஒன்று ஸ்டிக்கில் பதிந்திருக்கும். முந்தைய தலைமுறை ரேமான டிடிஆர்4 என்றால் பெரும்பாலும் 2133 அல்லது 2400 அல்லது 2666, 1.2 வோல்ட்டில். அடுத்த தலைமுறையான டிடிஆர்5 என்றால் வழக்கமாக 4800 அல்லது 5600, 1.1 வோல்ட்டில். பெட்டியில் போட்ட வேகம் வேண்டுமானால் பயாஸில் எக்ஸ்எம்பி என்ற அமைப்பை, ஏஎம்டி போர்டு என்றால் எக்ஸ்போவை, நாமே போட வேண்டும். போட்டால் வோல்டேஜும் ஏறும்; டிடிஆர்4-க்கு வழக்கமாக 1.35. இதுவும் ஒருவகை ஓவர்கிளாக்தான், அதாவது பொது வேகத்தைத் தாண்டி ஓட்டுவது. ரேம் கம்பெனி அந்த வேகத்தில் ஸ்டிக்கைச் சோதித்து அனுப்பியிருக்கும். உங்கள் பிராசஸருக்குள் இருக்கும் மெமரி கன்ட்ரோலரை யாரும் அதோடு சேர்த்துச் சோதிக்கவில்லை.

பயாஸுக்குள் போய் ‘லோட் டிஃபால்ட்ஸ்’ கொடுங்கள். எக்ஸ்எம்பி, பிராசஸர் ஓவர்கிளாக், அண்டர்வோல்ட் எல்லாம் ஒரே அடியில் போய்விடும். இங்கே மட்டும் ‘ஒன்றை மட்டும் மாற்று’ என்ற விதிக்கு விலக்கு. சுத்தமான தரையிலிருந்து தொடங்கத்தான் இது. சேமித்து வெளியே வந்து, வழக்கமாக விழவைக்கும் வேலையையே சில நாள் செய்யுங்கள்.

இனிமேல் விழவே இல்லை என்றால் நல்ல செய்தி. ஸ்டிக் உடைந்துபோகவில்லை, வேகம்தான் தாங்கவில்லை. புது ரேம் வாங்கத் தேவையில்லாமலே போகலாம். டிஃபால்ட்டிலும் விழுகிறது என்றால் ஸ்டிக், ஸ்லாட், போர்டு, பிராசஸர் நான்கையும் ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. டிடிஆர்5 கம்ப்யூட்டரில் பயாஸை மாற்றிய பிறகோ ரேமைக் கழற்றிப் போட்ட பிறகோ முதல் முறை போடும்போது சில நிமிடம் திரை கறுப்பாகவே இருக்கும். ரேமோடு ஒத்துப்போக போர்டு பயிற்சி எடுக்கும் நேரம் அது. பயந்துபோய் ஸ்விட்சை அணைக்காதீர்கள். பத்து நிமிடமாவது பொறுங்கள்.

கழற்றிப் பூட்டுவது

அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, கேபினெட்டின் பவர் பட்டனைச் சில நொடி அமுக்கிப் பிடியுங்கள்; உள்ளே மிச்சமிருக்கும் மின்சாரம் வடியும். கேபினெட்டின் பெயிண்ட் இல்லாத உலோகப் பகுதியைத் தொட்டுவிட்டு ரேமில் கை வையுங்கள். பழைய கட்டடங்களில் எர்த் இல்லாத பாயிண்டுகள் நிறைய. கம்ப்யூட்டர் ஓடும்போது கேபினெட்டைத் தொட்டால் விரலில் சுர்ரென்று ஏறுகிறது என்றால் அதை ரேமுக்கு முன்னால் எலக்ட்ரீஷியனிடம் காட்டுங்கள்.

நான்கு ஸ்லாட் உள்ள போர்டில் இரண்டு ஸ்டிக் இருந்தால், பெரும்பாலும் பிராசஸர் பக்கத்திலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டுகளில்தான் இருக்க வேண்டும். பெரும்பாலான போர்டுகளில் ஏ2, பி2 என்று எழுதியிருக்கும். முதல் இரண்டிலோ கடைசி இரண்டிலோ பக்கத்தில் பக்கத்தில் போட்டால் ஒரே சேனலில் ஓடும், ரேமின் உச்ச வேகமும் பாதியாகும். ஸ்டிக்கில் பேனாவால் 1, 2 என்று அடையாளம் போட்ட சின்னத் துண்டு டேப்பை ஒட்டிக்கொள்ளுங்கள்.

திரும்பப் பூட்டும்போதுதான் புதியவர்கள் கையை இழுத்துக்கொள்கிறார்கள். நாட்ச் (ஸ்டிக்கின் அடியில் உள்ள வெட்டு) நேராக இருக்கிறதா என்று பார்த்து, இரண்டு கட்டைவிரலாலும் இரண்டு ஓரத்தையும் நேர் கீழாக அமுக்க வேண்டும். டக் என்று சத்தம் கேட்கும். பல போர்டுகளில் மேல்பக்கம் மட்டும்தான் கொக்கி இருக்கும்; கிராபிக்ஸ் கார்டு பக்கம் இருப்பது அசையாத பிடி. மேல் கொக்கி விழுந்துவிட்டது என்று நினைக்கும்போதே கீழ் ஓரம் அரை மில்லிமீட்டர் தூக்கிக்கொண்டு நிற்கும். டார்ச் அடித்துப் பக்கவாட்டில் பாருங்கள். தங்க நிறப் பற்கள் ஒரு ஓரத்தில் கோடாகத் தெரிந்தால் இன்னும் உட்காரவில்லை.

மழைக்காலத்தில் நம் ஊர் ஈரம் எதையும் விட்டுவைப்பதில்லை. தங்க முலாம் துருப்பிடிக்காது. ஆனால் அதன் மேல் தூசியும் கைப்பசையும் ஈரமும் சேர்ந்து படலமாகும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு போடுங்கள். ரப்பரால் தேய்க்கும் பழக்கம் பலரிடம் உண்டு. வேலை செய்யும்தான், ஆனால் துகள் ஸ்லாட்டுக்குள் போனால் புதிதாக ஒரு தலைவலி. எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

பலருக்கும் தோன்றாத இடம் ஒன்று இருக்கிறது: பிராசஸர் கூலர். மெமரி கன்ட்ரோலர் இருப்பது பிராசஸருக்குள். கூலரின் ஒரு பக்க ஸ்க்ரூவை அதிகம் முறுக்கி மறுபக்கம் தளர விட்டால், சாக்கெட்டின் சில பின்கள் சரியாகத் தொடாமல் ஒரு சேனலே காணாமல் போகலாம். 32 ஜிபி போட்டு 16 மட்டும் காட்டுகிறது என்றால் கூலரைக் கழற்றி, பிராசஸரை எடுத்து, பின் வளைந்திருக்கிறதா பார்த்து, ஸ்க்ரூக்களைக் குறுக்குக் குறுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கிப் பூட்டுங்கள்.

மெம்டெஸ்ட்

விண்டோஸோடு வரும் மெமரி சோதனை இருக்கிறது. அது பிழை காட்டினால் நம்புங்கள். பிழை இல்லை என்றால் நம்பாதீர்கள். மெம்டெஸ்ட்86 பிளஸ் என்ற இலவச மென்பொருளைப் பென்டிரைவில் ஏற்றி, அதிலிருந்து கம்ப்யூட்டரை எழுப்புங்கள். 6ஆம் பதிப்புக்குப் பிந்தையதாக இருக்கட்டும், பழைய 5.01 இன்றைய யூஈஎஃப்ஐ போர்டுகளுக்கு ஆகாது. எழ மறுத்தால் பயாஸில் செக்யூர் பூட்டை அணைத்துப் பாருங்கள்.

முழுதாக ஒரு சுற்று முடிய, ரேமின் அளவைப் பொறுத்து மணிக்கணக்காகும். நடுவில் கரண்ட் போனால் முதலிலிருந்து. அதனால் ஒரு நேரத்தில் ஒரு ஸ்டிக் மட்டும் போட்டுச் சோதியுங்கள். நேரம் பாதியாகும், குற்றவாளி எது என்றும் அப்போதே தெரியும். கிராபிக்ஸ் கார்டு சும்மா இருப்பதால் இன்வெர்ட்டர் பேட்டரியிலும் ஓரளவு ஓடும்.

சிவப்பில் ஒரு பிழை வந்தாலும் தோல்விதான். ‘ஒண்ணே ஒண்ணுதானே’ என்று கடந்து போகக்கூடாது. ரேமில் ஏற்றுக்கொள்ளத்தக்க பிழை எண்ணிக்கை பூஜ்யம்.

ஸ்டிக் 1-ஐ ஏ2-வில் போட்டு ஓட்டுங்கள். பிறகு ஸ்டிக் 2-ஐ அதே ஏ2-வில். ஒன்று தேறி மற்றது தோற்றால் தோற்ற ஸ்டிக் கெட்டது. இரண்டும் ஏ2-வில் தோற்றால், ஒன்றை பி2-வில் போடுங்கள். அங்கே தேறினால் சந்தேகம் ஸ்லாட் மேலும் சாக்கெட் மேலும் போகிறது. தனித்தனியாக இரண்டும் எங்கே போட்டாலும் தேறி, சேர்த்துப் போட்டால் மட்டும் தோற்றால் பெரும்பாலும் எதுவும் உடையவில்லை. இரண்டையும் சேர்த்து அந்த வேகத்தில் சுமக்க கன்ட்ரோலரால் முடியவில்லை. ஒரு ஜோடி முன்பே இருக்க, அப்புறம் காசு சேர்ந்தபோது இன்னொரு ஜோடி வாங்கிச் சேர்த்தவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும். பிராண்டும் மாடலும் ஒன்றாக இருந்தாலும் உள்ளே சிப் வேறாக இருக்கலாம். டிடிஆர்5-ல் நான்கு ஸ்டிக் போடுவது இன்னும் கஷ்டம். ரைசன் 7000 வரிசைக்கு ஏஎம்டி சொல்லும் அதிகாரப்பூர்வ வேகமே இரண்டு ஸ்டிக்குக்கு 5200, நான்குக்கு 3600. 64 ஜிபி வேண்டுமென்றால் 32-32 ஆக இரண்டே ஸ்டிக் வாங்குங்கள்.

இரவில் தேறி, மதியம் தோற்பது

ரேமின் ஒவ்வொரு செல்லும் ஓட்டைக் குடம். நிரப்பியது கசிந்துகொண்டே இருக்கும், காலி ஆகும் முன் மறுபடி நிரப்ப வேண்டும். டிடிஆர்4 விதிப்படி 64 மில்லிசெகண்டுக்குள் எல்லாச் செல்லையும் ஒருமுறை நிரப்பியாக வேண்டும். 85 டிகிரிக்கு மேல் சூடானால் அதைப் பாதி நேரத்துக்குள் செய்ய வேண்டும். சூடு ஏற ஏறக் கசிவும் ஏறும். டைமிங்கை இறுக்கி ஓட்டும் டிடிஆர்5 ஸ்டிக்குகளில் 60 டிகிரியை நெருங்கும்போதே திணறுபவை உண்டு.

திஞ்ஜான் (ஏப்ரல் புத்தாண்டுத் திருவிழா) நேரத்து யாங்கோன் மதியத்தில் வெளியே 37, 38 டிகிரி சாதாரணம். ஜன்னல் ஓரம், கரண்ட் இல்லாததால் ஃபேனும் இல்லை. கிராபிக்ஸ் கார்டு ஊதும் அனல் நேராக ரேம் மேல் ஏறும். ஏசி அறையில் இரவு முழுக்க மெம்டெஸ்ட் ஓட்டித் தேறிய ஸ்டிக், மறுநாள் மதியம் விளையாட்டில் விழுவது இதனால்தான். மெம்டெஸ்ட்டில் கிராபிக்ஸ் கார்டு சூடாவதே இல்லை.

ஆகவே இரண்டாவது சோதனை விண்டோஸுக்குள், மதியம் இரண்டு மணிக்கு, கேபினெட்டை மூடிவைத்து. டெஸ்ட்மெம்5 அல்லது ஒய்-க்ரஞ்சர் என்ற சோதனை மென்பொருளை ஓடவிட்டு, கூடவே கிராபிக்ஸ் கார்டுக்கும் ஒரு வேலை கொடுங்கள். சூட்டைக் காட்டும் எச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளில் டிடிஆர்5 ஸ்டிக்கின் சூடு தெரியும். டிடிஆர்4-ல் பலவற்றுக்கு சென்சார் கிடையாது. பிழை வந்தால் கேபினெட்டின் பக்கக் கதவைத் திறந்து, மேசை ஃபேனைக் காட்டி மறுபடி ஓட்டுங்கள். இப்போது தேறினால் உங்களுக்கு வேண்டியது ரேம் இல்லை, ஒரு கேபினெட் ஃபேன்.

வேகத்தைத் திரும்ப ஏற்றுவது

டிஃபால்ட்டில் எல்லாம் சரி, எக்ஸ்எம்பியில் மட்டும் விழுகிறது என்றால் முதலில் பயாஸைப் புதுப்பியுங்கள். ஏஎம்5 போர்டுகளில் (ரைசன் 7000 முதலானவை உட்காரும் ஏஎம்டி போர்டுகள்) பல மெமரித் தொல்லைகள் புது பயாஸில் தீர்ந்திருக்கின்றன. ஆனால் புதுப்பிக்கும் நடுவில் கரண்ட் போனால் போர்டே ஊமையாகிவிடலாம். உங்கள் தெருவுக்குக் கரண்ட் விடும் முறை தொடங்கிய உடனே, அதுவும் சார்ஜ் நிறைந்த யூபிஎஸ் நிலை இன்வெர்ட்டரில் செருகிச் செய்யுங்கள். போர்டின் பின்னால் பயாஸ் ஃபிளாஷ்பேக் பட்டன் இருக்கிறதா என்று முன்பே பார்த்து வையுங்கள். தவறிப்போனால் மீட்க அதுதான் எளிய வழி.

அதன் பிறகும் விழுந்தால் எக்ஸ்எம்பியைப் போட்டு, வேகத்தை மட்டும் ஒரு படி இறக்குங்கள். 3600-ஐ 3200 ஆக, 6000-ஐ 5600 ஆக. அன்றாட வேலையில் இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது. விளையாட்டிலும் பெரிதாக இருக்காது. பெட்டியில் போட்டது வராவிட்டால் ஏமாந்துவிட்டதாக நினைப்பவர்கள், வோல்டேஜை ஏற்றி ஏற்றிப் பார்த்து போர்டையே சுட்டுவிடுகிறார்கள். டிடிஆர்4-ல் 1.35-ஐ 1.37 ஆக்கிப் பார்ப்பதில் தவறில்லை. ரைசனின் ‘எஸ்ஓசி’ வோல்டேஜில் மட்டும் விளையாட வேண்டாம். 2023இல் சில ரைசன் 7000 பிராசஸர்கள் போர்டோடு கருகியபின் ஏஎம்டி அதற்கு 1.3 வோல்ட் என்று உச்சவரம்பு வைத்தது. சீக்கிரம் எழவைக்கும் ‘மெமரி கான்டெக்ஸ்ட் ரீஸ்டோர்’ ஏஎம்5 போர்டில் போடப்பட்டிருந்தால், அதையும் அணைத்துப் பாருங்கள். எழ நேரமாகும், ஆனால் ஒவ்வொரு முறையும் புதிதாகப் பயிற்சி எடுக்கும்.

எல்லாச் சோதனையும் தேறியும் விழுகிறதென்றால் பிராசஸரைப் பாருங்கள். இன்டெல் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் கோர் ஐ7, ஐ9 வைத்திருப்பவர்கள் இதை முன்னாலேயே பார்க்க வேண்டும். வோல்டேஜ் அதிகமாகப் போய் அவை மெல்ல மெல்லக் கெடுவதை 2024இல் இன்டெலே ஒப்புக்கொண்டு, ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் மைக்ரோகோட் (பயாஸ் வழியாக வரும் பிராசஸர் திருத்தம்) வெளியிட்டு, வாரண்டியையும் இரண்டு வருடம் நீட்டியது. அடையாளம் அப்படியே ரேம் கோளாறு மாதிரியே இருக்கும். விளையாட்டு திறக்கும்போது ‘வீடியோ மெமரி போதவில்லை’ என்றுகூட வரும். புது பயாஸ் மேலும் கெடாமல் தடுக்கும், கெட்டது திரும்பாது.

ஸ்டிக்தான் கெட்டது என்று உறுதியானால் மெம்டெஸ்ட்டின் சிவப்புத் திரையைப் போட்டோ எடுத்து, நோட்டில் எழுதியதோடு கடைக்குப் போங்கள். ரேமுக்கு ஆயுள் வாரண்டி தரும் கம்பெனிகள் நிறைய. ஜோடியாக வாங்கியிருந்தால் ஒன்று கெட்டாலும் இரண்டையும், ஸ்டிக்கர் கிழியாமல், பெட்டியோடு கொடுங்கள். மாற்றித் தரும் ஸ்டிக் பழைய ஜோடியோடு ஒத்துப்போகாமல் மறுபடி இதே கதை நடக்காமல் இருக்க அதுதான் வழி. வாங்கி வந்ததையும் மெம்டெஸ்ட் ஓட்டாமல் நம்பாதீர்கள்.

கடைசியாக, கெட்ட ரேம் இருந்த நாட்களில் எழுதப்பட்டவற்றைச் சரிபார்க்க வேண்டும். கமாண்ட் ப்ராம்ப்ட்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து எஸ்எஃப்சி ஸ்கேன்னவ் ஓட்டினால் விண்டோஸின் சொந்தக் கோப்புகளைச் சரிசெய்யும். அது முடியாது என்று கைவிரித்தால் விண்டோஸைப் புதிதாகப் போடுவதே மேல். உங்கள் சொந்தக் கோப்புகளைச் சரிசெய்ய அப்படி எந்தக் கட்டளையும் கிடையாது. அந்த நாட்களில் காப்பி செய்த படங்களையும் வீடியோக்களையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து, கெட்டவற்றுக்கு மூலம் போனிலோ கேமரா கார்டிலோ இன்னும் இருக்கிறதா என்று தேடுங்கள். அதுவரை அந்த கார்டை அழிக்க வேண்டாம்.